எலி வளையானாலும் தனி வளை: மேருவில் ஒரு பலகை வீட்டுக்குப் புதுச் சுவர்

கிள்ளான் பட்டணத்திலிருந்து ஜாலான் மேரு வழியே வடக்கே போகிறவர்கள் இன்று பார்ப்பது தொழிற்சாலைகளும் கடை வரிசைகளும் லாரிகளும்தான். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க ரப்பர், பிறகு செம்பனை. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த நிலத்தில் பண்டார் புக்கிட் ராஜா என்று ஒரு நகரமே எழும்பி நிற்கிறது. தோட்டம் போனது, லயமும் அதோடு போனது. ஆனாலும் பெரிய சாலையை விட்டுக் கம்பத்துப் பாதையில் திரும்பினால் இன்னமும் பலகை வீடுகள் கண்ணில் படும். ஜாவாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரர்கள் இருக்கும் வீடுகள் சில. தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம்மவர்கள் கைக்காசு போட்டு வாங்கிய வீடுகள் சில.

அப்படி ஒரு வீட்டுக்கு நாம் போயிருந்தோம். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர்கள். பால்மரம் வெட்டினார்கள், மரத்தை அழித்துச் செம்பனை வைத்த பிறகு குலை அறுத்தார்கள், உதிரிப் பழம் பொறுக்கினார்கள். வேலை முடிந்ததும் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கையில் வந்த ஊழியர் சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியை இந்தப் பழைய பலகை வீட்டில் போட்டார்கள்.

“லயத்துல இருந்தப்ப சுவர் கெட்டுப் போனா கிராணிகிட்ட சொல்லுவோம். வருவாங்களோ வரமாட்டாங்களோ, சொல்றதுக்கு ஒரு ஆள் இருந்துச்சு. இங்க யார்கிட்ட சொல்றது?” என்றார் அந்த அம்மா.

அந்தக் கேள்விதான் இந்த வாரம் நம்மை எழுத வைத்தது.

முதல் தடவை நடந்த தப்பு

இந்த வீட்டின் மேற்குப் பக்கத்துச் சுவர்தான் முதலில் கெட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியற்காலையில் திடீரென்று வீசியடிக்கும் காற்றும் மழையும் நமக்குப் புதிதல்ல. ‘சுமத்திரா’ என்று பெயர் சொல்லும் அந்தக் காற்று, ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் அடிக்கடி வரும். மழை நேராக விழாமல் சாய்ந்து வந்து மேற்குச் சுவரைத்தான் அறையும். பிறகு மத்தியான வெயிலும் அதே சுவரில்தான். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, பலகை பிளந்துவிடும்.

கொந்தராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். “நாமே அடிச்சிடலாம்பா” என்றான் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பலகை வந்தது. பழைய பலகையைப் பிடுங்கினால் வேலை கூடும் என்று, அதன் மேலேயே புதுசை வைத்து ஆணி அடித்தார்கள். சாயம் பூசினார்கள். பார்ப்பதற்குக் கல்யாண வீடு மாதிரி இருந்ததாம்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. புதுப் பலகையில் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போனது. உள்ளே இருந்த பழைய பலகை முழுக்கக் கறையான் மண். போட்ட காசு மண்ணோடு மண்.

பக்கத்து வீட்டு ஜாவாக்காரப் பெரியவர் வந்து பார்த்திருக்கிறார். வயதான தச்சர். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. “புண்ணைக் கழுவாமல் மேலே துணி கட்டினால் ஆறுமா?” என்று மலாயில் கேட்டாராம். பிறகு தாமே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொல்லிக் கொடுத்ததையும், இந்தக் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

சுவர் யாருடையது?

சுத்தியலை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மூன்று விதமான வீட்டில் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, தோட்டத்து வீடு. இதில் பழுதுபார்க்கும் பொறுப்பு தொழிலாளியுடையது அல்ல. தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் வந்ததுதான் 446-ஆம் சட்டம். 2019-இல் அது திருத்தப்பட்டது. வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அச்சட்டம் சொல்கிறது. அனுமதி இல்லாமல் வீட்டை நீட்டவோ, அமைப்பை மாற்றவோ கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே லயத்து வீட்டில் பலகை உளுத்தால், சொந்தக் காசில் பலகை வாங்காதீர்கள். எழுத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கத் தலைவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். காரியம் நடக்காவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. வாயால் சொன்னது காற்றோடு போகும். தாளில் எழுதியது நிற்கும்.

இரண்டாவது, கிராண்டு நம் பெயரில் இருக்கும் வீடு. இங்கே பயமில்லை. கெட்ட பலகையை மாற்றுவதற்கும், வீட்டை நீட்டிக் கட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. நீட்டுவதென்றால் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே போய்க் கேட்பது நல்லது. கேட்பதற்குக் காசில்லை.

மூன்றாவது, அரசாங்க நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வைத்திருப்பவர்கள். டி.ஓ.எல். என்று நாம் சொல்வது. இந்த உரிமத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி இதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அதோடு முடிந்துபோகும். அப்பா பெயரில் இருந்தது, அப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அப்படியே இருக்கிறோம் என்று சொல்லும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் முதலில் போக வேண்டியது பலகைக் கடைக்கல்ல, நில அலுவலகத்துக்கு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். நாம் சொல்வது, தாள் இருந்தால்தான் சுவர்.

முதலில் பிடுங்கு, பிறகு பார்

மேரு வீட்டுக்காரரின் கிராண்டு சரியாக இருந்தது. அதனால் இரண்டாம் தடவை துணிந்து இறங்கினார். இந்தத் தடவை ஜூன் மாதம். நம் வட்டாரத்தில் ஜூன், ஜூலையில் மழை குறைவு. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் சுவரைத் திறந்து போடுவது, வலிய மழையை வீட்டுக்குள் கூப்பிடுவதாகும்.

பழைய பலகையை ஒரே நாளில் முழுக்கப் பிடுங்கக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. பலகை மழையைத் தடுப்பதோடு, சட்டங்கள் சாயாமல் இறுக்கிப் பிடித்தும் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றினால் பழைய வீடு ஒரு பக்கம் சாயும். ஒரு நாளில் மூடக்கூடிய அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும். அதற்கும் முன்னால் உள்பக்கம் குறுக்கே சாய்வாக ஒரு சட்டத்தை அடித்துக்கொள்ள வேண்டும். சுவரில் மின்கம்பி ஓடினால் மெயின் சுவிட்சை அடைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பலகை கழன்றதும் உள்ளே நட்டமாக நிற்கும் சட்டங்களையும், அடியில் படுத்திருக்கும் கட்டையையும் பாருங்கள். ஒரு பழைய திருப்புளியால் குத்திப் பாருங்கள். ‘டக்’ என்று நின்றால் நல்ல மரம். பொத பொதவென்று இறங்கினால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். கல் தூணின் மேல் மண் குழாய் மாதிரி ஏறியிருந்தால் அது கறையானின் ரோடு. அதைத் துடைத்துவிட்டால் மட்டும் போதாது. மருந்து வைக்க வேண்டும். வீட்டுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் விறகையும் பழைய பலகையையும் அப்புறப்படுத்த வேண்டும். நம் வீடுகளில் அதுதான் கறையானுக்குக் கல்யாண விருந்து.

இந்த வீட்டில் அடிக்கட்டை எட்டு அடி நீளத்துக்கு உளுத்திருந்தது. முதல் தடவையே பிடுங்கிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எந்தப் பலகை, எத்தனை பலகை?

செங்கால் மரம் என்றால் கறையானும் யோசிக்கும். ஆனால் அதன் விலையைக் கேட்டால் நாமும் யோசிப்போம். மெராந்தி மலிவு, வேலை செய்யவும் இலகு. ஆனால் மருந்தும் சாயமும் இல்லாமல் வெயில் மழையில் அது நிற்காது. ஒரு வார்த்தை ரப்பர் மரத்தைப் பற்றி. நமக்குச் சோறு போட்ட மரம். நாற்காலி, மேசைக்கு அருமையான மரம். ஆனால் வெளிச்சுவருக்கு உதவாது. அதற்கு ஏற்றும் மருந்து பெரும்பாலும் மழையில் கரைந்துபோகும். பூஞ்சையும் வண்டும் உடனே பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது கொடுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கணக்கு போடத் தெரிந்தால் கடைக்காரரிடம் ஏமாற வேண்டியதில்லை. பலகை 6 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் 1 அங்குலம் ஏறி உட்கார வேண்டும். அதற்குக் குறையவே கூடாது. ஆக முதல் பலகை 6 அங்குலம் மூடும். அதன் பிறகு ஒவ்வொன்றும் 5 அங்குலம் மூடும். சுவர் 8 அடி உயரம், அதாவது 96 அங்குலம். 6 போக மீதி 90. அதை 5 ஆல் வகுத்தால் 18. முதல் பலகையோடு 19 வரிசை. சுவர் 20 அடி நீளம் என்றால் 19 தரம் 20, அதாவது 380 அடிப் பலகை. வெட்டுவதில் வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 420 அடி. ஜன்னல், கதவு உள்ள இடத்தைக் கழித்துக்கொள்ளலாம். கடையில் 6 அங்குலம் என்று விற்பது, இழைத்த பிறகு கொஞ்சம் குறையும். டேப்பைக் கையோடு கொண்டு போய் அளந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

அடியிலிருந்து ஆரம்பம்

பலகை அடிப்பது எப்போதும் அடியிலிருந்து மேலே. அப்போதுதான் மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் ஏறி, மழைத் தண்ணீர் வெளியே வழிந்துவிடும். இதற்கு அத்தாப்புக் கூரை வேய்ந்ததைப் பார்த்தவர்களுக்குப் பாடம் வேண்டாம்.

அடிப்பதற்கு முன்னால், பலகையின் முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கத்துக்கும் மருந்தோ அடிச்சாயமோ ஒரு தடவை பூசிக் காயவிட வேண்டும். வெட்டிய முனைகளுக்கு இரண்டு தடவை. மரம் தண்ணீர் குடிப்பது முனை வழியாகத்தான். வாயை மூடினால் வயிறு நிறையாது.

கீழ்ப் பலகை மண்ணைத் தொடக்கூடாது. குறைந்தது 6 அங்குலமாவது எட்டி இருக்கட்டும். மண்ணில் மழை விழுந்து தெறிக்கும் சேறு அதற்கு மேல் ஏறாமல் இருந்தால் இன்னும் நல்லது. முதல் பலகையின் அடியில் ஒரு மெல்லிய சட்டத்தை வைத்து அடித்தால், அதுவும் மற்றப் பலகைகளைப் போலவே சாய்ந்து நிற்கும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். தெளிவான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, சுவரின் இரண்டு முனையிலும் பிடித்தால் தண்ணீர் பொய் சொல்லாது. பிறகு ஒரு நீளக் குச்சியில் 5 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் அந்தக் குச்சியை இரு முனையிலும் வைத்துக் குறித்தால் வரிசை கோணாது.

ஆணியில்தான் பெரிய சூட்சுமம். துத்தநாகம் பூசிய ஆணி வாங்குங்கள். சாதாரண ஆணி துரு அழுது சுவரில் கோடு போடும். ஆணியைக் கீழ் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலம் மேலே, நட்டமாக நிற்கும் சட்டத்தில் இறங்கும்படி அடிக்க வேண்டும். அதாவது, உள்ளே இருக்கும் கீழ்ப் பலகையின் தலைக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பலகையையும் சேர்த்து ஒரே ஆணியில் துளைக்கக் கூடாது. மரம் மழையில் விரியும், வெயிலில் சுருங்கும். இரண்டு பக்கமும் ஆணியில் கட்டிப்போட்டால் நடுவில் பிளந்துவிடும். “மனுஷனுக்கும் அப்படித்தான், கொஞ்சம் இடம் விடணும்” என்று அந்த அம்மா குறுக்கே சொன்னார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை.

கெட்டி மரமாக இருந்தால், முனைக்குப் பக்கத்தில் முதலில் சிறு துளை போட்டுவிட்டு ஆணி அடியுங்கள். இரண்டு பலகை சேரும் இடம் சட்டத்தின் மேல் விழ வேண்டும். மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. ஜன்னலுக்கு மேலே தகரத்தை மடித்துச் சொருகி, தண்ணீர் முன்னால் விழும்படி விட வேண்டும். பழைய பலகை வீடுகளில் கூரைக்குக் கீழே காற்றுக்காக விட்டிருக்கும் சந்தை அடைத்துவிடாதீர்கள். சில குளிர் தேசங்களில் பழைய சுவரின் மேலேயே பிளாஸ்டிக் தகடுகளை அடித்து மூடிவிடுவார்கள். நம் நாட்டுப் பலகை வீடு காற்றோட்டத்தால்தான் காய்கிறது. அது காய்ந்தால்தான் பிழைக்கும்.

கை வைக்கக் கூடாத சுவர்

எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்று நாம் சொல்லவில்லை. பழைய வீடுகள் சிலவற்றில் பலகைக்குப் பதிலாகவோ, மேல்தட்டிலோ, சாம்பல் நிறத் தகடு இருக்கும். அது கல்நார்த் தகடாக இருக்கலாம். அஸ்பெஸ்டாஸ் என்று சொல்வது. அதை ரம்பத்தால் அறுத்தாலோ, உடைத்தாலோ, துளைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்தூள் பறக்கும். மூச்சில் போனது நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் இன்று வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். அதனால்தான் நம் ஆட்கள் பயப்படுவதில்லை.

முழுதாக, உடையாமல் இருக்கும் தகட்டைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைப்பதே மேல். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பழகிய ஆட்களைக் கூப்பிட வேண்டும். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உடைந்த துண்டைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள். கோழிக்கூண்டுக்குக் கூரையாகவும் வைக்காதீர்கள்.

பழைய சாயமும் அப்படித்தான். அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறந்து பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சுரண்டியதைக் கூட்டிப் பொட்டலம் கட்டுங்கள். பிடுங்கிய சாயப் பலகையை அடுப்பெரிக்கக் கொடுக்காதீர்கள். மருந்து போட்ட பலகைக்கும் இதுவே விதி.

ஏழு ஞாயிறு

மேரு வீட்டில் மேற்குச் சுவரை முடிக்க ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. மகன் அறுத்தான். அப்பா ஆணி அடித்தார். அம்மா பலகையின் மறுமுனையைப் பிடித்தார். மருமகள் முனைகளுக்குச் சாயம் பூசினாள். ஜாவாக்காரப் பெரியவர் வேலிப் பக்கம் நின்று “சாய்கிறது, சாய்கிறது” என்று கத்தினார். பேரன் விழுந்த ஆணிகளைப் பொறுக்கினான். ஒரு ஆணிக்கு ஒரு காசு என்று பேச்சு.

கூலி மிச்சம். ஆனால் பலகைக்கும் மருந்துக்கும் ஆணிக்கும் காசு போகத்தான் செய்தது. ‘நாமே செய்தால் செலவே இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சமானது கூலி மட்டும்தான் என்றாலும், இந்தக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையல்ல. இனி வருஷத்துக்கு ஒரு முறை சுவரைச் சுற்றிவந்து, சாயம் உரிந்த இடத்தைத் தொட்டுவிட்டால் போதும்.

நாம் போயிருந்த அன்று விடியற்காலையிலும் சுமத்திராக் காற்று அடித்திருந்தது. உள்ளே மேற்குச் சுவரோரம் பாய் விரித்துப் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். முன்னே அந்த இடத்தில் மழை என்றால் வாளி வைப்பார்களாம். அந்த அம்மா சுவரைத் தட்டிக் காட்டினார்.

“முப்பது வருஷம் கம்பெனி வீட்டுல இருந்தோம். ஒரு ஆணி அடிக்கவும் கேட்டுத்தான் அடிச்சோம். இது நாங்க அடிச்சது, கெட்டா நாங்களே பாத்துக்குவோம்” என்றார்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது பெரியவர்கள் சொன்னது. தனி வளை கிடைத்தவர்கள் அதை மழைக்கும் கறையானுக்கும் விட்டுவிடக் கூடாது. இன்னும் லயத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக் கேட்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை எதுவும் வேண்டாம். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, சுவரின் அடியில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள்.